மைக்ரோ வேவு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலையாள நாட்டில் இருக்கிற எங்கள் கல்லூரியின் ஆண்டு மலரில் தமிழுக்கு நான்கு பக்கம். மலையாளத்துக்குப் போனது போக, இங்கிலீஷுக்குப் போனது போக, நகைக்கடை விளம்பரத்துக்குப் போனது போக மிஞ்சுகிற நான்கு. அந்த நான்குக்கும் ஆசிரியன் ஷிபு. எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக்காரன், வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். போன வருடம் நான் எழுதிய நையாண்டியைப் படித்து முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அவருக்கு மறுநாள்தான் விளங்கியது. எனவே இந்த வருடம் ஷிபு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

"அளியா, இந்தத் தடவை உபகாரமா ஒண்ணு எழுது. ஹாஸ்டல்ல மைக்ரோவேவ் வந்திருக்குல்ல? அதுல ஒழுங்கா சமைக்கது எப்படின்னு ரெண்டு பக்கம். யாரும் அழாண்டாம், யாரும் சிரிக்காண்டாம். சாப்பிட்டா போதும்."

'மைக்ரோவேவில் நன்றாகச் சமைக்கச் சில வழிகள்' என்று தலைப்பும் போட்டுவிட்டேன். முதல் வழியை யோசித்துக்கொண்டு கரமனையிலிருந்து தம்பானூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒருவர். காலடியில் பெரிய பெட்டி. பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒரு பாத்திரக் கடை உருண்டது. அவர் போனில், சுத்தமான திருநெல்வேலித் தமிழில், யாரிடமோ சொன்னார்:

"வேவு பாக்கதுக்கு உம்மவ எங்கையில முள்கரண்டியக் குடுத்துட்டா, தெரியுமா?"

அதற்குமேல் கேட்கவில்லை. எதிரே வந்த லாரிக்கு எங்கள் டிரைவர் ஹாரனால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பிடரியை. பிடரியில் முகபாவம் வராது.

ஒரு வாக்கியம், ஒரு சத்தம். மிச்சமெல்லாம் என் சமையல். கட்டுரையைத் தேடி வந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். வழிகளையும் ஆங்காங்கே போட்டிருக்கிறேன். கதை பிடிக்காவிட்டாலும் உங்கள் உருளைக்கிழங்கு வேகும்.

2

தொடக்கம் ஒன்று: கரமனையாற்றின் மேல் காலை வெயில் தங்கத்தை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த

வேண்டாம். உருக்குவதற்குத்தான் ஓவன் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: பகவதி ஒரு முட்டையை ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது

இதுவும் வேண்டாம். முட்டை வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். (தெரியாதவர்களுக்கு: வெடிக்கும். ஓட்டோடு வைக்காதீர்கள்.) தவிர, கதை நடப்பது அக்ரஹாரத்து வீட்டு மாடியில். அந்தப் படிகளில் முட்டை ஏறாது.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்:

பகவதிக்கு அந்த அறையில் மிகவும் பிடித்த பொருள் கதவின் உட்பக்கத் தாழ்ப்பாள்.

பாளையங்கோட்டை வீட்டில் அவள் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். திரையைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர்கள் உலகத்தில் எங்கும் இல்லை. இங்கே தாழ்ப்பாளைப் போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் நாள் அவள் அதைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்துப் பார்த்தாள். வெளியே போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. சும்மா.

அவளுக்குத் தம்பானூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அறை கரமனையில், நீலாம்பாள் மாமி வீட்டு மாடியில். மாமி ஐம்பதைத் தொடாதவள், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஸ்கூட்டரில் ஊரையே சுற்றி வருகிறவள். பழைய வீடு, மாடித் தளம் முழுக்க மரப்பலகை. அதனால் மாமிக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"மேல தீ கூடாது, கேட்டோ. கேஸ் கூடாது, ஸ்டவ் கூடாது, சாம்பிராணி கூடக் கூடாது. மைக்ரோவேவ் வெச்சிருக்கேன். அதுல என்ன வேணா பண்ணிக்கோ."

அப்பா வீரபாண்டி ஒரு நிபந்தனையோடுதான் பெண்ணை அனுப்பியிருந்தார். ஆயுள் முழுக்க பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒத்து வரலன்னா அடுத்த ரயில்ல வந்து கூட்டிட்டு வந்துருவேன். பெரியப்பா கடையில கணக்கு எழுத ஆளில்லாமத்தான் கெடக்கு." எது ஒத்து வருவது, எது ஒத்து வராதது என்று அவர் சொல்லவில்லை. அதை நிறுத்தி நிறுத்திச் சோதித்து முடிவு செய்கிற உரிமை அவரிடமே இருந்தது.

ஆக, பகவதிக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தத் தாழ்ப்பாள். அது கையில் நிற்க வேண்டுமானால், தனியாக இருந்தும் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், ஒழுங்காக இருக்கிறாள் என்று அப்பாவுக்குத் தோன்ற வேண்டும்.

முதல் வழி: பாத்திரம். கண்ணாடி நல்லது, பீங்கான் நல்லது. உலோகம் கூடாது.

அம்மா கட்டிக் கொடுத்தது முழுக்க எவர்சில்வர். செம்பு, கிண்ணம், தூக்கு, டவரா, மூடி, மூடிக்கு ஒரு மூடி. ஒவ்வொன்றிலும் 'பகவதி' என்று பெயர் வெட்டியிருந்தது. ஒன்றுகூட அந்த ஓவனுக்குள் நுழைய முடியாது. நுழைந்தால் தீப்பொறி பறக்கும். அலமாரி நிறையப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பகவதி கடைக்குப் போய் ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணம் வாங்கி வந்தாள். அதில் பெயர் இல்லை. யாருடையது என்று கேட்டால் அவள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

3

இரண்டாம் வழி: துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். பெரிய துண்டு வேகும்வரை காத்திருந்தால் சின்னது குழைந்துவிடும். வட்டமாக அடுக்கி, நடுவில் இடம் விட்டு, தண்ணீர் தெளித்து, மூடி வையுங்கள். ஆவி வெளியேற ஓரத்தில் சிறு வழி வேண்டும். இறுக மூடிய எதுவும் ஒருநாள் வெடிக்கும்.

(கடைசி வாக்கியத்தை ஷிபு அடித்திருந்தான். "தத்துவம் வேண்டாம்டே." அது தத்துவம் இல்லை, மூடி.)

பகவதி எல்லாத் தவறையும் வரிசையாகச் செய்து முடித்தாள். சோறு பொங்கி ஓவனின் தட்டுக்குக் கஞ்சி கொடுத்தது. கேரட் சுருங்கி வற்றல் ஆனது. ஆபீஸில் மதிய நேரத்தில் போனில் காணொளி பார்த்துப் பார்த்து, இந்த ஊர்க் கறிகளைப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஓலன்: வெள்ளைப் பூசணியும் தேங்காய்ப்பாலும். பிறகு காளன்: சேனையும் வாழைக்காயும் புளித்த தயிரும்.

அப்போதுதான் வீரபாண்டி பாளையங்கோட்டையிலிருந்து நீலாம்பாள் மாமிக்குப் போன் செய்தார்.

"அம்மா, ஒரு உபகாரம். பிள்ளைய வெளியூர்ல விட்டுட்டு இருக்கேன். நீங்கதான் அப்பப்ப கொஞ்சம் வேவு பாத்துச் சொல்லணும். அவளுக்குத் தெரியாண்டாம்."

வாசகர்களே, இந்த இடத்தில் ஓவனை நிறுத்திக் கதவைத் திறக்கிறேன். நடுவில் ஒருமுறை திறந்து கிளறிவிட வேண்டும். அதுவும் ஒரு வழிதான், மூன்றாவது.

தமிழில் வேவு பார்ப்பது ஒற்றன் வேலை. மலையாளத்தில் வேவு என்றால் வெந்த பதம். வேவு பார்ப்பது அடுப்படி வேலை. கரமனை அக்ரஹாரத்தில் வீட்டுக்குள் பேசுவது தமிழ்தான். ஆனால் மாமி பள்ளிக்கூடத்தில் படித்தது, பாலிசி விற்பது, பால்காரனோடு சண்டை போடுவது எல்லாம் மலையாளத்தில். அவளிடம் இருந்த வேவு ஒன்றே ஒன்று. அது அடுப்பிலிருந்து வந்தது. போதாக்குறைக்கு அந்தப் பெட்டியின் பெயரே மைக்ரோவேவ். மைக்ரோ என்றால் சின்னது, வேவு என்றால் வேவு. சின்னதாக வேகவைக்கிற பெட்டி. மாமி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் நம்பியிருந்தாள்.

போனை வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட அப்பா! பெண் வைக்கிற சோறு வேகிறதா என்று அத்தனை தூரத்திலிருந்து கவலைப்படுகிறார். பெண் மனசு நோகக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் பார்க்கச் சொல்கிறார்!

அன்று சாயந்திரம் மாமி ஒரு முள்கரண்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

4

மாமிக்குச் சமையல் அப்படியொன்றும் வராது. கீழே எல்லாம் குக்கர். விசிலை எண்ணுவதோடு அவள் கடமை முடிந்துவிடும். ஆனால் முள்கரண்டியால் குத்துவதற்கு என்ன படிப்பு வேண்டும்? "சும்மாதான் வந்தேன்" என்பாள். மூடியைத் திறப்பாள். ஒரு துண்டைக் குத்துவாள். "ம்" என்பாள். போய்விடுவாள். பகவதி இதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட ஆரம்பித்தாள்.

அதன்பிறகு போன் பேச்சு:

"அம்மா, வீரபாண்டி பேசுதேன். ஏதும் விசயம் உண்டா?"

"ஒண்ணும் பயப்பட வேண்டாம், கேட்டோ. நேத்து ஓலன்."

"ஓலனா?"

"ஆமா. நன்னா இருந்தது. ரொம்ப சாது. இன்னிக்குக் காளன்னு சொல்லிண்டிருக்கா."

"ரெண்டா!"

"ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டுன்னு நானும் கேட்டேன். ரெண்டும் வெச்சுண்டா ஒண்ணு மாத்தி ஒண்ணு ஆச்சுங்கறா."

பாளையங்கோட்டையில் ஒரு மனிதர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அடுத்த போன்:

"இப்ப எப்படி இருக்கா?"

"என்னத்த சொல்றது. வெளியில பாத்தா எல்லாம் சரியா இருக்கு. உள்ளதான் பச்சை. அவசரம், பொறுமை போறாது. மூடி வைன்னா மூடி வெக்க மாட்டேங்கறா. சூடு ஜாஸ்தி. கொஞ்சம் கொறைச்சா எல்லாம் வழிக்கு வந்துடும்."

"நீங்களே சொல்லுங்கம்மா. நான் என்ன செய்ய?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு தடவை திருப்பி விடணும்."

"திருப்பிரவா?"

"பின்னே? அப்படியே விட்டா ஒரு பக்கம் கெட்டுப்போயிடும், அல்லே?"

(நான்காம் வழி இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பவரைக் குறைத்து, கூடுதல் நேரம் வையுங்கள். முழு பவரில் வைத்தால் ஓரம் வேகும், நடு வேகாது. மாமி சொன்னது அத்தனையும் சமையலில் நூற்றுக்கு நூறு சரி.)

5

ஷிபு இதுவரை படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தான்.

"அளியா, நடக்காது. இவ்வளவு தூரம் ரெண்டு பேருக்கும் விளங்காம இருக்குமா?"

"போன மாசம் நீ என்கிட்ட என்ன சொன்ன? 'மலர்ல உனக்கு ஒரு அவசரம் தரேன்'ன."

"ஆமா. அவசரம்னா மலையாளத்துல சான்ஸ். சான்ஸ் தரேன்னேன்."

"நான் பாத்ரூம் எங்க இருக்குன்னு யோசிச்சேன்."

அவன் தாளைத் திரும்ப எடுத்து, "அந்த அப்பனை மட்டும் மாத்து. சினிமா வில்லன் மாதிரி இருக்கான். மீசையை எடு" என்றான்.

மாற்றினேன். முதல் வரைவில் வீரபாண்டிக்குக் கன்னம் வரை மீசை. கதவை உதைத்துத் திறக்கிற காலும் கொடுத்திருந்தேன். மீசையை எடுத்ததும் அடியில் ஒரு பயந்த முகம் இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் வாழ்க்கை முழுவதும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் இல்லாதவர்களைத் தேடியவர். டிக்கெட் இல்லாதவன் எப்படி ஜன்னல் பக்கம் திரும்புவான், எப்படித் தூங்குவதுபோல் இருப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டிக்கெட் வைத்திருந்தவர்களின் முகம் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. இப்போது தன் மகளையே எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் ரயில் ஏறுகிறார்.

கையில் பெரிய பெட்டி. காலிப் பெட்டி. மகளின் துணிமணிகளை வைத்துத் திரும்பக் கொண்டுபோக.

காலால் உதைக்கிற காட்சியை வெட்டிவிட்டேன். அவர் கதவைத் தட்டட்டும்.

6

தட்டினார். உள்ளே 'டக்' என்று தாழ்ப்பாள் விலகியது.

பகவதி கையில் சேனை. தோல் சீவி, ஒரே அளவில் நறுக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் வட்டமாக அடுக்கி, தண்ணீர் தெளித்திருந்தாள். அன்றைக்கு மசியல் செய்வதாக இருந்தாள். சேனை கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் தொண்டையை அரிக்கும். அதைச் சரியாக வேகவைத்துவிட்டால் வேறு எதையும் வேகவைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"அப்பா! சொல்லாம வந்துட்டீய?"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு செக்கிங் இல்ல." அவர் கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எழுந்து மூச்சு வாங்கினார். "எங்க அவன்?"

"எவன்?"

"ஓலன்."

பெட்டி படியேறுகிற சத்தம் கேட்டு மாமி பின்னாலேயே வந்திருந்தாள். வாசலில் நின்று, நெற்றியில் அடித்துக்கொண்டு சொன்னாள்:

"அச்சச்சோ! ஓலன் நேத்தே தீந்துபோச்சே! நீங்க வரேள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொஞ்சம் எடுத்து வெச்சிருப்போமே!"

வீரபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தீந்து போச்சா?"

"நான்தான் கடைசியில வழிச்சு..."

"அப்ப காளன்?"

"காளன் ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடப் பரிசோதனையில் அவருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. பகவதி அவரையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அப்பா மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். முகர்ந்தார்.

"இது மோர்க்குழம்புல்லா?"

"மோர்க்கொழம்பா?" மாமிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இது காளன், ஸார்!"

"இதுதான் காளன்" என்றாள் பகவதி. "ஓலன் பூசணிக்காய். அப்பா, உங்களுக்கு எப்படி ஓலனத் தெரியும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமி பெருமையோடு சொன்னாள்:

"நான்தான் சொன்னேன்டீ. உனக்குத் தெரிய வேண்டாம்னார். உன்னை வேவு பாத்துச் சொல்லணும்னு அப்பா எனக்கு போன் பண்ணினார். பின்னே நான் எதுக்கு தினமும் முள்கரண்டியோட ஏறி வரேன்? இப்பேர்ப்பட்ட அப்பா யாருக்குக் கிடைப்பா?"

அந்த அறையில் வேவுக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்த ஒரே ஆள் பகவதி. ஒன்றைப் பிறந்த ஊரில் கற்றிருந்தாள். இன்னொன்றை இந்த ஊர்க் காணொளிகளில். முள்கரண்டி, "சும்மாதான் வந்தேன்", அந்த "ம்". எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"மாமி" என்றாள் மெதுவாக. "எங்க ஊர்ல வேவு பாக்கதுன்னா ஒளிஞ்சு பாக்கது. உளவு."

மாமி முள்கரண்டியைப் பார்த்தாள். வீரபாண்டியைப் பார்த்தாள்.

"ஏன் ஸார், என் குரலைக் கேட்டா அப்படியா தோணறது? நான் பாலிசி விக்கறவ ஸார். நாலு பேர் என்னை நம்பணும்!"

வீரபாண்டி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குவதுபோல் இருந்து பிடிபட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

7

பகவதி கிண்ணத்தை மூடி, ஓரத்தில் சிறு வழி விட்டு, ஓவனுக்குள் வைத்தாள். பவரைக் குறைத்தாள். பொத்தானை அழுத்தினாள். உள்ளே விளக்கு எரிந்து தட்டு சுற்ற ஆரம்பித்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது?

(இங்கே நான் அவளுக்கு ஒரு நீண்ட வசனம் எழுதியிருந்தேன். பெண் விடுதலை, நம்பிக்கை, நவீன உலகம் எல்லாம் அதில் வந்தன. அவள் அதைப் பேச மறுத்துவிட்டாள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். தேவைக்கு மேல் ஒரு வரி எழுத மாட்டாள்.)

"அப்பா, மாமிட்ட எதுக்குக் கேட்டீய? என்ட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"உன்ட்டக் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ."

"நல்லா இருந்தா அப்படித்தானப்பா சொல்லணும்."

தட்டு சுற்றியது.

"பஸ்ல ஏறி டிக்கெட்ட யார்ட்டப்பா கேப்பீய?"

"ஏறுன ஆள்ட்டத்தான்."

"பக்கத்து சீட்டுக்காரர்ட்ட, 'இவன் டிக்கெட் எடுத்திருக்கானா, அவனுக்குத் தெரியாமப் பாத்துச் சொல்லு'ன்னு கேட்டுருக்கீயளா?"

"அது எப்படி? அது மரியாதை இல்லல்லா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. மாமி வேறு பக்கம் திரும்பி ஜன்னல் கம்பியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். மாமிக்கும் சில சமயம் எதைப் பார்க்கக் கூடாது என்று தெரியும்.

ஓவன் மணியடித்தது. வீரபாண்டி எழுந்து கதவுக்குக் கை நீட்டினார். ஏதாவது ஒன்றைத் திறக்க வேண்டும்போல் இருந்திருக்கும்.

"நிக்கட்டும்ப்பா."

"மணி அடிச்சிட்டுல்லா?"

"மணி அடிச்ச பெறவும் உள்ள வெந்துகிட்டுத்தான் இருக்கும். இப்பத் தொறந்தா அரையும் குறையுமாப் போவும். கொஞ்ச நேரம் தொடாம இருக்கணும்."

இதுதான் ஐந்தாம் வழி. இதைச் செய்யாதவர்கள்தான் மைக்ரோவேவைத் திட்டுகிறார்கள். ஓவன் நின்றாலும் கிண்ணத்துக்குள் சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது போய்ச் சேர விட வேண்டும். ரொம்பக் கஷ்டமான வழி, ஏனென்றால் செய்ய ஒன்றும் இல்லை.

பகவதிக்கு மட்டும் செய்ய ஒன்று இருந்தது. அப்பாவின் பெட்டியை இழுத்துத் திறந்தாள். காலி. அந்துருண்டை வாசனை.

"உந்துணிமணி வைக்கதுக்குன்னு..." என்றார் அவர்.

அவள் அலமாரியைத் திறந்தாள். செம்பை எடுத்து வைத்தாள். கிண்ணங்களை வைத்தாள். தூக்கு, டவரா, மூடி, மூடிக்கு மூடி. ஒவ்வொன்றாக, பெயர் வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி.

"ஏ, இது உங்கம்ம ஆசையாக் குடுத்ததுல்லா?"

"இந்த ஓவனுக்குள்ள இது ஒண்ணும் போவாதுப்பா, பொறி பறக்கும். அம்மைக்கு அங்க உதவும்." பெட்டி மூட மறுத்தது. மேலே ஏறி உட்கார்ந்து பூட்டினாள். "ரொம்பிட்டு. இனி என் துணிக்கு இதுல எடமில்ல."

வீரபாண்டி பெட்டியைப் பார்த்தார். கதவின் உட்பக்கம் இருந்த தாழ்ப்பாளையும் பார்த்தார். வந்ததிலிருந்து அதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். எழுந்துபோய்த் தொட்டு, ஒருமுறை போட்டு, எடுத்தார். 'டக்.'

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றார்.

பகவதி மாமியின் கையிலிருந்து முள்கரண்டியை வாங்கினாள். ஓவன் கதவைத் திறந்தாள். கிண்ணத்தை மேசையில் வைத்தாள், மூடியை எடுக்கவில்லை. கரண்டியை அப்பா கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. நீங்களே வேவு பாருங்க."

8

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று: சேனை பஞ்சுபோல வெந்திருக்கிறது. அப்பா வாயில் போடுகிறார். கண்ணில் நீர். மகளை அணைத்துக்கொள்கிறார். ஓவனின் விலை கீழே சின்ன எழுத்தில் வருகிறது. இது கதை இல்லை, விளம்பரம். நகைக்கடைக்குப் பக்கத்தில் போட்டால் ஷிபுவுக்கு எது எது என்று தெரியாமல் போய்விடும்.

முடிவு இரண்டு: சேனை வேகவில்லை. தொண்டை அரித்து, இருமி, தண்ணீர் குடித்து, "கெளம்பு" என்கிறார். நான் எழுதினேன், பகவதி கிளம்பவில்லை. பெட்டியில் இடமில்லை என்று முந்தைய பகுதியைக் காட்டினாள். கணக்குத் தெரிந்த பாத்திரங்களை வைத்துக் கதை எழுதினால் இதுதான் தொல்லை.

முடிவு மூன்று: சேனை அரிக்கிறது, ஆனால் அப்பா அரிக்கவில்லை என்று சொல்லி முழுவதும் தின்றுவிடுகிறார். ஷிபுவுக்கு இதுதான் பிடித்திருந்தது. "எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு" என்றான். யாரும் அழாண்டாம் என்றது அவன்தானே? அதனால் எடுத்துவிட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று சாயந்திரம் கரமனையிலிருந்து, ரயில் நிலையம் இருக்கிற தம்பானூருக்கு வந்த பஸ்ஸில் அந்த மனிதர் தனியாக வந்தார். அவர் பெட்டி குலுங்கியபோது துணி குலுங்கவில்லை, எவர்சில்வர் குலுங்கியது. அதை என் காதால் கேட்டேன். ஆகவே அந்தத் தாழ்ப்பாள் இப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முள்கரண்டி கொடுத்த கதையை அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாரா என்பதுதான் லாரி ஹாரனோடு போய்விட்டது.

மூடி இன்னும் திறக்கப்படவில்லை. நான் ஓவனை அணைத்துவிட்டேன், உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் வழியை மதித்துக் கொஞ்சம் பொறுங்கள். பிறகு முள்கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேவு பாருங்கள். எந்த மொழியில் என்பது உங்கள் சௌகரியம்.